செம்மண் வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல் கணக்கு



நம்ம புதுக்கோட்டை மாவட்டத்திலே ஆலங்குடி, திருவரங்குளம் பக்கம் போனால் மண் செக்கச் செவேல்னு இருக்கும். அதே சிவப்பு மண்ணிலே கண்மாய்த் தண்ணியைப் பாய்ச்சி, தொழி உழுது, பரம்படித்து, நாற்று நட்டு, இருபது நாள் தண்ணி கட்டி நிறுத்திவிட்டு ஒரு கை சேற்றை அள்ளிப் பாருங்கள். மேலே ஒரு மெல்லிய தோல் மாதிரி பழுப்பு நிறம் இருக்கும். அதற்குக் கீழே சாம்பலும் நீலமும் கலந்த நிறம். அறுவடைக்குத் தண்ணியை வடித்து வயல் காய்ந்ததும், சாயம் ஏற்றின மாதிரி மறுபடியும் சிவப்பு வந்துவிடும். மண் அதே மண்தான். வெளியிலிருந்து யாரும் எதையும் கொண்டுவந்து கொட்டவில்லை. பிறகு நிறம் ஏன் மாறுகிறது?

"இதைத் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தண்ணீர் கட்டிய நெல் வயலில் நாம் போடுகிற தழைச்சத்திலே பாதிக்கும் குறைவாகத்தான் பெரும்பாலும் பயிருக்குப் போய்ச் சேருகிறது. மீதியில் ஒரு பெரும் பங்கு காற்றோடு போய்விடுகிறது. கடலை இலை மஞ்சளாவதும், நெல்லின் வேர் கறுத்துப்போவதும், செம்மண்ணில் போட்ட மணிச்சத்து மண்ணிலேயே கட்டுண்டு கிடப்பதும் இந்த நிற மாற்றத்தோடு சம்பந்தப்பட்ட சங்கதிகள். இந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு ஏறத்தாழ இருநூறு வருஷம் பிடித்தது. அதிலே நம்ம கோயமுத்தூருக்கும், பக்கத்து இலங்கைக்கும் பங்கு உண்டு. அந்தச் சரித்திரத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் பிரான்சு தேசத்துக்குப் போவோம். 1770-களில் லவாய்சியே என்ற விஞ்ஞானி, ஒரு பொருள் எரிவது என்றால் அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதுதான் என்று தராசு வைத்து நிறுத்துக் காட்டினார். இரும்பு துருப்பிடிப்பதும் அப்படித்தான். துரு என்பது இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். பிராணவாயுவுக்கு அவர் வைத்த பெயர் ஆக்சிஜன். அது ஏறினால் ஆக்சிஜனேற்றம், அதைப் பிரித்து எடுத்தால் ஆக்சிஜனொடுக்கம். அன்றைய கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் சில விஷயங்கள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. ஆக்சிஜனே இல்லாத இடத்திலும் அதே மாதிரி மாற்றங்கள் நடந்தன. 1897-ல் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரான் என்ற நுண்துகளைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு விஷயம் விளங்கியது. ஆக்சிஜன் ஏறுவது இறங்குவது எல்லாம் வெளிவேஷம். உள்ளே நடப்பது எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல். எலக்ட்ரானைக் கொடுக்கிற பொருள் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. எலக்ட்ரானை வாங்குகிற பொருள் ஒடுக்கம் அடைகிறது. கொடுப்பவர் இல்லாமல் வாங்குபவர் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில்தான் நடக்கும்.

கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் பேரேடு வேண்டும் அல்லவா? அந்தப் பேரேட்டுக்குத்தான் ஆக்சிஜனேற்ற நிலை என்று பெயர். ஒரு தனிமம் தன் எலக்ட்ரான் மூன்றைக் கொடுத்துவிட்டால் அதன் நிலை பிளஸ் 3. மூன்றைக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தால் மைனஸ் 3. கொடுக்காமல் வாங்காமல் தனியாக இருந்தால் சைபர். கணக்குப் போடுவதும் சுலபம். ஆக்சிஜன் சேர்மத்தில் இருக்கும்போது பெரும்பாலும் மைனஸ் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணிலுள்ள சிவப்புப் பொருளில் 2 இரும்புக்கு 3 ஆக்சிஜன். மூன்று ஆக்சிஜனுக்கு மைனஸ் 6. அதைச் சரிக்கட்ட இரண்டு இரும்பும் சேர்ந்து பிளஸ் 6 ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு இரும்பும் பிளஸ் 3. கணக்கு முடிந்தது. அமெரிக்காவில் லாட்டிமர் என்ற பேராசிரியர் 1938-ல் தனிமங்களின் ஆக்சிஜனேற்ற நிலைகளையும், எந்த நிலை எவ்வளவு வலுவாக எலக்ட்ரானை இழுக்கும் என்பதையும் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டார்.

இந்தப் பேரேட்டைப் பார்த்தாலே ஒரு பொருளின் குணத்தில் பாதி தெரிந்துவிடும். விதி மூன்றுதான். ஒரு தனிமம் தன் உச்ச நிலையில் இருந்தால் அதற்குமேல் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. அதனால் வாங்கத்தான் முடியும். மற்றப் பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிற அதற்கு ஆக்சிஜனேற்றி என்று பெயர். அடிமட்ட நிலையில் இருந்தால் வாங்க இடமில்லை, கொடுக்கத்தான் முடியும். அது ஒடுக்கி. நடு நிலையில் இருப்பது ஆளைப் பார்த்து நடந்துகொள்ளும். வலுத்தவனிடம் கொடுக்கும், இளைத்தவனிடம் பிடுங்கும்.

இந்த விதிக்குச் சாட்சி நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. சித்தன்னவாசல் குகைக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே உள்ள கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் கோயிலைப் புதுப்பித்த செய்தியைச் சொல்கிறது. 1930-களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எஸ். பரமசிவன் அந்த ஓவியங்களின் சாயத்தை ரசாயன முறையில் ஆராய்ந்தார். சிவப்பு நிறம் காவி மண். காவி என்பது பிளஸ் 3 இரும்பு. திறந்த காற்றில் இரும்பு சாதாரணமாக எட்டக்கூடிய மேல் நிலை அதுதான். காற்றிலுள்ள பிராணவாயு அதனிடமிருந்து மேற்கொண்டு எதையும் பிடுங்க முடியாது. ஆகவே ஆயிரத்து நூறு வருஷத்துக்குமேல் ஆகியும் சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது. சுண்ணாம்பு உதிர்ந்தும், மனிதர்கள் கை பட்டும் ஓவியம் சேதமாகியிருக்கலாம். ஆனால் காவி துருப்பிடித்துப் போகவில்லை. ஏனென்றால் அதுவே துருதான்.

அதே பிளஸ் 3 இரும்பிலிருந்து அரிவாளும் கொழுவும் செய்த மக்கள் நம்ம முன்னோர்கள். இந்த மாவட்டத்தில் முதுமக்கள் தாழிகளும் கல்வட்டங்களும் ஏராளம். அங்கே இரும்புக் கருவிகள் கிடைக்கின்றன. பொற்பனைக்கோட்டையில் 2023-ல் தமிழக அரசின் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. அந்தக் கோட்டைப் பகுதியில் இரும்பு உருக்கிய கசடுகளும் கிடைத்திருக்கின்றன. உலையிலே நடந்தது என்ன? செம்புறாங்கல் மாதிரி இரும்பு மிகுந்த கல்லையும் அடுப்புக்கரியையும் போட்டு, துருத்தி வைத்து ஊதினார்கள். கரி எரிந்து, நடு நிலையிலுள்ள ஒரு வாயுவாக ஆகிறது; அதில் கரியின் நிலை பிளஸ் 2. அது இரும்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, தான் பிளஸ் 4 ஆகி, கரியமிலவாயுவாக வெளியேறுகிறது. பிளஸ் 3 ஆக இருந்த இரும்பு சைபருக்கு இறங்கி உலோகமாகிறது. எலக்ட்ரான் என்ற பேரே கேள்விப்படாத காலத்தில், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே இந்தக் கொடுக்கல் வாங்கலை நடத்தியிருக்கிறார்கள். அந்த அரிவாளை மழையில் போட்டால் அது மறுபடி பிளஸ் 3 ஆகி மண்ணோடு மண்ணாகிறது.

இப்போது வயலுக்கு வருவோம். வயலிலே உலை கிடையாது, நெருப்பு கிடையாது. ஆனால் தொழியில் நடப்பது உலையில் நடப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரிதான்.

1904-ல் ஜப்பானில் நாகாவோகா என்பவர், நெல்லுக்கு நைட்ரேட் வடிவில் தழைச்சத்து கொடுப்பதைவிட அம்மோனியா வடிவில் கொடுப்பது நல்லது என்று எழுதினார். ஏன் என்ற காரணம் அப்போது முழுசாகத் தெளிவாகவில்லை. அந்தச் சமயத்தில் இங்கே சைதாப்பேட்டை விவசாயக் கல்லூரி கோயமுத்தூருக்கு மாறியது. அதுதான் பின்னாளில், 1971-ல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. கோயமுத்தூரில் டபிள்யூ. எச். ஹாரிசன் என்ற ரசாயன நிபுணரும் பி. ஏ. சுப்பிரமணிய அய்யரும் ஒரு சாதாரண விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். நெல் வயலில் கால் வைத்தால் குபுகுபு என்று குமிழி வருகிறதே, அந்தக் குமிழியில் இருப்பது என்ன? அதைப் பிடித்து ஆராய்ந்து 1913 முதல் 1916 வரை அடுத்தடுத்து அறிக்கைகள் வெளியிட்டார்கள். நெல் மண் ஆராய்ச்சி பற்றிப் பேசுகிறவர்கள் உலகம் முழுக்க இன்றைக்கும் அந்த அறிக்கைகளைக் குறிப்பிடுகிறார்கள்.

அவர்கள் கண்டது இது. சேற்றுக்குள்ளே மீத்தேன், நைட்ரஜன், கரியமிலவாயு முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. ஆனால் சேற்றின் மேலே பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த ஒரு மெல்லிய ஏடு படர்ந்திருக்கிறது. அது மீத்தேனைக் கரியமிலவாயுவாக மாற்றிவிடுகிறது. அந்தக் கரியமிலவாயுவைப் பாசி எடுத்துக்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. அந்தப் பிராணவாயு வேருக்கு உதவுகிறது. வெறும் வழுக்கல் என்று நாம் நினைக்கிற பாசி ஏட்டுக்குள்ளே இத்தனை வேலை நடக்கிறது. இன்றைய பேரேட்டின்படி சொன்னால், மீத்தேனில் கரியின் நிலை மைனஸ் 4. அது அடிமட்டம், அதற்குக் கீழே போக முடியாது. ஆகவே அது கொடுக்க மட்டுமே முடிந்த சரக்கு. மேல் ஏட்டில் வாங்க ஆள் கிடைத்ததும் எட்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு பிளஸ் 4 ஆகிறது.

சரி, தண்ணி கட்டியவுடனே மீத்தேன் வந்துவிடுமா? வராது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தழை, தாள், சாணம் எல்லாவற்றையும் தின்று பிழைக்கின்றன. தின்றால் எலக்ட்ரான் மிஞ்சும். அதை யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். காற்று இருக்கும்போது பிராணவாயுவிடம் தள்ளிவிடும். தண்ணீர் நின்றால் காற்று உள்ளே இறங்காது. மண்ணிலிருந்த பிராணவாயு ஒன்றிரண்டு நாளிலேயே தீர்ந்துவிடும். அடுத்தபடி வாங்குவதற்கு நிற்பது நைட்ரேட். அது தீர்ந்தால் மாங்கனீசு. அதற்கு அடுத்து நம்ம செம்மண்ணின் பிளஸ் 3 இரும்பு. ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அது பிளஸ் 2 ஆகிறது. மண் சாம்பல் நிறமாவது இந்தக் கட்டத்தில்தான். அதற்கும் பிறகு சல்பேட். அதுவும் தீர்ந்தால் கடைசியாக மீத்தேன்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிளஸ் எண் பெரிதாக இருந்தால் இழுப்பு வலுவாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சல்பேட்டில் கந்தகம் பிளஸ் 6. நைட்ரேட்டில் நைட்ரஜன் பிளஸ் 5. ஆனால் நைட்ரேட்தான் முந்திக்கொள்கிறது. சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரசும் பிளஸ் 5 தான்; ஆனாலும் அது வயலில் எலக்ட்ரானை வாங்கப் போவதில்லை. ஆகவே, ஒரு பொருள் வாங்குமா கொடுக்குமா என்பதை நிலை சொல்லும். எவ்வளவு வலுவாக இழுக்கும் என்பது அந்தந்தத் தனிமத்தின் குணத்தையும் சூழ்நிலையையும் பொறுத்தது. லாட்டிமர் தன் நூலில் தொகுத்துக் கொடுத்தது இந்த இழுப்பு அளவைத்தான்.

இந்த வரிசையை வைத்துத்தான் ஜப்பானியர்கள் தழைச்சத்து எங்கே போகிறது என்ற மர்மத்தை அவிழ்த்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் ஷியோயிரி என்ற மண் விஞ்ஞானி, தண்ணீர் கட்டிய வயலில் இரண்டு அடுக்கு இருப்பதை வைத்து விளக்கம் சொன்னார். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு அடுக்கு. அங்கே பிராணவாயு உண்டு. கீழே சாம்பல் அடுக்கு, அங்கே கிடையாது. நாம் தண்ணியில் யூரியாவை வீசுகிறோம். யூரியாவிலும் அம்மோனியாவிலும் நைட்ரஜன் மைனஸ் 3, அதாவது அடிமட்டம். மேல் அடுக்கில் அது எட்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு பிளஸ் 5 ஆகி நைட்ரேட் ஆகிறது. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. அது தண்ணியோடு கீழ் அடுக்குக்கு இறங்கும். அங்கே எலக்ட்ரானை வாங்க ஆள் கிடைக்காமல் தவிக்கிற நுண்ணுயிர்கள் கூட்டமாய் நிற்கின்றன. நைட்ரேட் வந்ததும் அதன் தலையில் கட்டிவிடுகின்றன. நைட்ரஜன் சைபர் நிலைக்கு வந்து, வெறும் வாயுவாகிக் குமிழியாகப் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய உரம் வந்த வழியே ஆகாயத்துக்குப் போகிறது. இது போக, யூரியாவைத் தண்ணியில் வீசினால் அம்மோனியாவாகவே ஆவியாகிற நஷ்டமும் தனியாக உண்டு.

மருந்து என்ன? மைனஸ் 3 நைட்ரஜனை மைனஸ் 3 ஆகவே வைத்திருக்க வேண்டும். அதற்கு, அதை முதலிலேயே பிராணவாயு இல்லாத கீழ் அடுக்கில் சேர்த்துவிட வேண்டும். அடியுரத்தைக் கடைசி உழவில் சேற்றோடு கலக்கச் சொல்வதும், யூரியாவைக் களிமண் உருண்டைக்குள் வைத்துப் புதைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். வேப்பம் புண்ணாக்கு கலப்பதும் அப்படித்தான். வேம்பிலுள்ள சத்து, அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குகிற நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கிறது. உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு கட்டாயமாக்கியது.

ஜப்பானில் இன்னொரு தொல்லையும் இருந்தது. சில இடங்களில் பயிர் முதலில் செழித்து வளர்ந்து, கதிர் வருகிற சமயத்தில் வாடிப்போகும். அதற்கு அகியோச்சி என்று பெயர் வைத்தார்கள்; இலையுதிர் கால வீழ்ச்சி என்று அர்த்தம். ஆராய்ந்து பார்த்ததில், அந்த மண்ணில் இரும்பு குறைந்துபோயிருந்தது. இரும்பு இல்லாததால் நுண்ணுயிர்கள் சீக்கிரமே சல்பேட்டிடம் போய்விடுகின்றன. பிளஸ் 6 ஆக இருந்த கந்தகம் மைனஸ் 2 ஆகி, அழுகின முட்டை நாற்றமுள்ள வாயுவாகி வேரைக் கொல்கிறது. இரும்பு போதுமான அளவு இருந்தால் இரண்டு விதத்தில் காப்பாற்றும். முதலில் எலக்ட்ரானைத் தானே வாங்கிக்கொண்டு நேரத்தைத் தள்ளிப்போடும். அப்படியும் அந்த வாயு உண்டானால் அதைக் கட்டிப்பிடித்துக் கறுப்புப் பொருளாக அடக்கிவிடும். ஜப்பானிய விவசாயிகள் மலைச் சரிவிலிருந்து செம்மண்ணை வெட்டி வண்டி வண்டியாக வயலில் கொட்டினார்கள். நமக்கு இயற்கையே கொட்டி வைத்திருக்கிற சரக்கு அது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா? அதை இலங்கை சொல்லிக் கொடுத்தது. அங்கே மழை மிகுந்த தாழ்நிலங்களில் நெல் இலை வெண்கல நிறமாகி, பயிர் கட்டைபோட்டுக் கிடந்தது. பொன்னம்பெரும என்ற இலங்கை விஞ்ஞானி, அமெரிக்க ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து, இது பிளஸ் 2 இரும்பு மிகையாகக் கரைந்து வேர் வழியே ஏறியதால் வந்த கோளாறு என்று 1955-ல் ஓர் ஆராய்ச்சிக் குறிப்பு வெளியிட்டார். பிளஸ் 3 இரும்பு தண்ணியில் எளிதில் கரையாது; பிளஸ் 2 கரையும். வித்தியாசம் ஒரே ஒரு எலக்ட்ரான். பின்னாளில் அவர் பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, தண்ணீரில் மூழ்கிய மண்ணின் ரசாயனத்தை முழுவதும் தொகுத்து 1972-ல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். கோயமுத்தூரில் குமிழியில் தொடங்கிய விசாரணை அங்கே ஒரு முழுக் கணக்காக உருவெடுத்தது.

இனி, இந்தக் கணக்கு நம்ம நிலத்துக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

செம்மண்ணில் மணிச்சத்தைப் பிளஸ் 3 இரும்பு கட்டிப்பிடித்து வைத்துக்கொள்கிறது. நெல் வயலில் தண்ணீர் கட்டியதும் இரும்பு பிளஸ் 2 ஆகிக் கரைகிறது. அது பிடித்திருந்த மணிச்சத்தில் ஒரு பகுதியும் விடுபடுகிறது. மானாவாரிக் கடலைக் கொல்லையில் அந்தத் தயவு கிடையாது. ஆகவே, ஒரே செம்மண் என்றாலும் நெல்லுக்குப் பார்த்த கணக்கை அப்படியே கடலைக்குப் பார்க்கக் கூடாது. மண் பரிசோதனை செய்து, கடலைக்கு உரிய மணிச்சத்தைத் தொழுஉரத்தோடு கலந்து போடுங்கள்.

சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கடலையின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. எல்லாம் பிளஸ் 3 ஆகப் பூட்டிக் கிடக்கிறது. கடலை வேர் அதைப் பிளஸ் 2 ஆக மாற்றித்தான் உள்ளே எடுக்கும். சுண்ணாம்பு அந்த வேலையைத் தடுக்கிறது. இதற்குத்தான் அன்னபேதி தெளிக்கச் சொல்கிறோம். அன்னபேதியில் இருப்பது தயார் நிலையில் உள்ள பிளஸ் 2 இரும்பு. 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம், அதாவது 1 சதக் கரைசல். வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர் பச்சையாக இருந்தால் நல்ல சரக்கு. மஞ்சளாய், பழுப்பாய்ப் போயிருந்தால் காற்றிடம் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் பிளஸ் 3 ஆகிவிட்டது என்று அர்த்தம். காசு கொடுத்துத் துருவை வாங்கின கதைதான். கரைசலையும் அன்றைக்கே கலக்கி அன்றைக்கே அடியுங்கள். முதல் நாள் ராத்திரி கலந்து வைத்தால் விடிவதற்குள் நிறம் மாறத் தொடங்கிவிடும். சில ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தவுடனே தெளிவாக இருந்து, குடத்தில் வைத்த சற்று நேரத்தில் சிவந்துபோகிறதே, அதுவும் இதே மாற்றம்தான்.

புல் இனப் பயிர்களின் வேர் வேறு உபாயம் வைத்திருக்கிறது. அது ஒருவிதச் சாற்றைக் கசியவிட்டு, பிளஸ் 3 இரும்பையே கட்டி இழுத்துக்கொள்ளும். மக்காச்சோளத்தை ஊடுபயிராகப் போட்டபோது பக்கத்துக் கடலைக்கும் இரும்புச்சத்து கூடுதலாகக் கிடைத்தது என்று 2000-ல் சீன விஞ்ஞானிகள் எழுதினார்கள். கடலையோடு கம்பு, சோளம் கலந்து விதைக்கிற நம்ம பழக்கத்தை இந்தக் கண்ணோடும் ஒருதரம் பார்க்கலாம்.

நெல் பயிரின் நலத்தை அறிய வேரைப் பாருங்கள். ஒரு தூரை மெதுவாகத் தோண்டி எடுத்து அலசுங்கள். வேர்மேல் செம்பழுப்புப் பூச்சு இருந்தால் நல்லது. நெல் தன் தண்டின் வழியாகப் பிராணவாயுவைக் கீழே இறக்கி, தன்னைச் சுற்றியுள்ள பிளஸ் 2 இரும்பைப் பிளஸ் 3 ஆக்கி, கவசம் மாதிரிப் போர்த்திக்கொள்கிறது. வேர் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தால் கந்தகம் மைனஸ் 2-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது மேலுரம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. முதலில் தண்ணியை வடித்து வயலை ஆறவிடுங்கள். காற்று உள்ளே இறங்கட்டும். பச்சைத் தழையும் வைக்கோலும் நிறைய மிதித்த வயலில் நடவுக்கு முன் மட்குவதற்குப் போதிய நாள் கொடுங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரான் மிகுந்துபோய்த் தொல்லை சீக்கிரம் வரும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இன்று புது மரியாதை வந்திருக்கிறது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த தண்ணி விடச் சொல்கிறார்கள். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இதனால் தண்ணீரும் மிச்சம், பூமியைச் சூடாக்குகிற மீத்தேனும் கணிசமாகக் குறைகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காயும்போது அம்மோனியா நைட்ரேட் ஆகும். மறுபடி தண்ணி கட்டினால் அது வாயுவாகும். ஆகவே யூரியாவைப் போட்டுவிட்டு வயலைக் காயவிடாதீர்கள். தண்ணியைச் சீராக வடித்து, மெல்லிய ஈரத்தில் பிரித்துப் பிரித்து உரமிட்டு, பிறகு தண்ணி பாய்ச்சுங்கள். வேப்பம் புண்ணாக்கு கலப்பதானால் 5 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு புண்ணாக்குத் தூள் என்ற கணக்கில் முதல் நாளே கலந்து வையுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்பில் மைனஸ் 3 நைட்ரஜனும் பிளஸ் 5 நைட்ரஜனும் ஒரே மூட்டைக்குள் இருக்கின்றன. கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே வீட்டில் குடியிருக்கிற மாதிரி. 2020 ஆகஸ்டு 4-ஆம் தேதி லெபனான் நாட்டுப் பெய்ரூட் துறைமுகத்தில் சேமித்து வைத்திருந்த சுமார் 2,750 டன் அந்த உப்பு வெடித்து, இருநூறு பேருக்குமேல் மாண்டுபோனார்கள். நைட்ரேட் உரம் எதுவானாலும் டீசல், மண்ணெண்ணெய், கந்தகத்தூள், வைக்கோல் பக்கத்தில் அடுக்காதீர்கள். கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரும் பலமான ஆக்சிஜனேற்றிதான். அதை உர மூட்டையோடும் பூச்சிமருந்தோடும் சேர்த்து வைக்காமல் தனி இடத்தில், ஈரம் படாமல் வையுங்கள்.

மண் பரிசோதனைக்கும், உங்கள் நிலத்துக்கு ஏற்ற உர அளவுக்கும் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தையோ அணுகுங்கள். போகும்போது மண்ணோடு ஒரு தூர் பயிரையும் வேரோடு எடுத்துப் போங்கள். வேரின் நிறத்தைப் பார்த்தாலே அவர்களுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.